நான்காம் பெட்டி எதன்மேல் நிற்கிறது

நெல்சனின் வலது கையை அவர்கள் உடைத்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கம்பி, கட்டை எதுவும் எடுக்கவில்லை. கண்டெய்னர் கதவின் இடுக்கில் விரல்களை வைத்து, இரண்டு பேர் அவனை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் கதவைத் தள்ளிச் சாத்தினான். சாதாரண நாளில் அந்தக் கதவைத் திறக்கவே தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். மூடும்போது கேட்ட சத்தத்தில் இரும்பு எது, எலும்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

திருவொற்றியூரில், எண்ணூர் போகும் சாலையை ஒட்டி இருந்தது டில்லிபாபுவின் யார்டு. துறைமுகத்திலிருந்து வருகிற பெட்டிகளை ஐந்து தட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்து, கேட்கும்போது இறக்கிக் கொடுக்கிற தொழில். நெல்சன் அங்கே கேட் செக்கர். வெளியே போகிற ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் படித்து, கதவில் போட்ட சீல் முத்திரையை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் தடுப்பைத் தூக்குவான். தன்னைத் தாண்டி ஒரு பெட்டியும் போகாது என்பதில் அவனுக்குப் பெரிய கர்வம். அந்தக் கர்வம்தான் அன்றைக்கு அவனை மாட்டிவிட்டது.

காலையில் கப்பல் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, ஏற்றுமதிக்கு வேண்டும் என்று தங்கள் காலிப் பெட்டிகளைக் கேட்டான். பதினொன்று. கம்ப்யூட்டரில் தேடினால் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் அத்தனையும் இருந்தன. டில்லிபாபு அந்தக் காலத்தில் துறைமுக வாசலில் கத்தி பிடித்து நின்றவர். இப்போது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தொழிலதிபர் ஆகியிருந்தார். ஒரே இரவில் ஒரு பெட்டியை வெட்டித் துண்டு போட்டுப் பழைய இரும்புக்கு அனுப்புகிற கடைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். “ராத்திரி கேட்ல யாரு?” என்று கேட்டார். “நெல்சன்” என்றார்கள். அவருக்கு அந்த ஆதாரம் போதும். இவர் கோர்ட்டு நடத்தினால் ஊரில் ஒரு கேஸ் பாக்கி இருக்காது.

ராயபுரத்தில், மாடி வீட்டில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த கிறிஸ்டினாவுக்கு மஜீதிடமிருந்து போன் வந்தது. யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன் மஜீது. அவள் தம்பி நெல்சனுக்குத் தோஸ்து.

“க்கா, நெல்சன் கைய உட்ச்சிட்டாங்க. பொட்டிய எங்க வித்தன்னு கேட்டு இன்னொரு கையயும் உடைக்கப் போறாங்க. சட்டுனு வா.”

போலீசுக்குப் போன் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அவர்கள் வந்து சேர்வதற்குள் இரண்டாவது கையும் போய்விடும். லேப்டாப்பைப் பையில் திணித்து, தோளில் மாட்டி, ஸ்கூட்டரை எடுத்தாள். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் நுழைந்து போனாள். ஒரு லாரிக்காரன் சாகவா வந்தாய் என்று கத்தினான். அவளும் நிற்காமல் கெட்ட வார்த்தை ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நெல்சன் தரையில் கிடந்தான். அவனுடைய சட்டையையே கழற்றி வலது கையில் சுற்றியிருந்தார்கள். துணி முழுக்க ரத்தம். துணிக்கு அடியில் விரல் எது, விரல் இடுக்கு எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகத் தட்டையாகியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழப் பார்த்தான். பின்னால் நின்றவன் இடுப்பில் ஓர் உதை விட்டு உட்கார வைத்தான். கிறிஸ்டினா நேராகப் போய் உதைத்தவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் திருப்பி அறைந்ததில் அவள் உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

“பொம்பளய ஏண்டா தொட்ற, பேமானி” என்றார் டில்லிபாபு நாற்காலியில் இருந்தபடியே. “வாம்மா. உந்தம்பி பதினோரு பொட்டியத் துண்ணுட்டு ஏப்பம் வுட்டுகினு கீறான். எங்க தள்னான்னு கேட்டுச் சொல்லு. சோத்தாங்கை பூட்ச்சு. பீச்சாங்கையாவது நிக்கட்டும்.”

“ஒரு பொட்டி கூட கேட்டத் தாண்டலக்கா” என்றான் நெல்சன். வாயிலிருந்து எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது. “மாதா மேல சத்தியம்.”

“பொட்டி இல்லன்னு யாரு பாத்தது?” என்று கத்தினாள் கிறிஸ்டினா.

“கம்ப்யூட்டர் பாத்துச்சு.”

ஆபீஸ் என்று ஒரு பழைய கண்டெய்னரில் ஜன்னல் வெட்டி, ஏசி மாட்டி வைத்திருந்தார்கள். அதன் வாசலில் பகலவன் நின்றுகொண்டிருந்தான். டில்லிபாபுவின் அக்கா மகன். படித்துவிட்டு வந்து மாமாவின் யார்டுக்குத் தானே ஒரு புரோகிராம் எழுதி, முந்தின நாள் சாயங்காலம்தான் ஓடவிட்டிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“சிஸ்டம் பொய் சொல்லாதுக்கா. நானே மூணு தபா தேடிட்டேன்.”

கிறிஸ்டினாவுக்குச் சந்தேகம் வந்ததே அந்தப் பேச்சில்தான். நாலு நாள் புரோகிராம் எழுதி அடிபட்டவன் எவனும் அப்படிப் பேச மாட்டான்.

“எனக்கு அத்தக் காட்டு” என்றாள்.

டில்லிபாபுவுக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. கண்ணாடி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். “நான் இத்தக் குட்ச்சு முடிக்கிற வரைக்கும் டைம். அப்பால கதவு சாத்துவோம்.”

ஆபீசுக்குள் ஏசி குளிரில் அவளுக்கு உதடு இன்னும் எரிந்தது. பகலவன் பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் விளக்கினான். யார்டின் விவரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. பிளாக்குக்குள் அடுக்கு, அடுக்குக்குள் தட்டு, தட்டுக்குள் பெட்டி நம்பர், நம்பருக்குள் சரக்கு. யார்டைச் சுற்றி வந்து பெட்டிகளைச் சரிபார்த்து, போனில் வைத்துத் திருத்துகிற சர்வேயர்களுக்கு இந்தக் குடைச்சல் எல்லாம் ஆகாது; அவர்களுக்கு வரிவரியாக ஒரே ஷீட்டாக வேண்டும். அதனால் சாயங்காலம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுவான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு விவரமும் தன் முழு முகவரியோடு ஒரு வரியாகிவிடும். திரையில் ஒரு வரியைக் காட்டினான்: பி.2.1.பெட்டி7719.சரக்கு = மிளகாய் வற்றல். சர்வேயர்கள் திருத்தி முடித்ததும், புள்ளி புள்ளியாக வெட்டி, மறுபடி ஒன்றுக்குள் ஒன்றாகப் பழையபடி கட்டிவிடுவான்.

“டெஸ்ட் பண்ணியா?”

“பண்ணேன்க்கா. பத்து பொட்டி வெச்சுப் பண்ணேன். போன மாறியே திரும்பி வந்துச்சு.”

“பத்தும் சரக்கு ஏத்துன பொட்டியா?”

“ஆமாக்கா.”

அவள் தட்டையாக்கும் பகுதியைப் படித்தாள். சின்னதுதான், சுத்தமாகவும் எழுதியிருந்தான். ஒரு பெயரை எடுக்கும். அதற்குள் இன்னும் பெயர்கள் இருந்தால் தன்னையே மறுபடி கூப்பிட்டு உள்ளே இறங்கும். கடைசியில் ஒரு மதிப்பு கையில் சிக்கினால் அதை வரியாக எழுதும். யார் எழுதினாலும் முதல் தடவை இப்படித்தான் எழுதுவார்கள்.

“காலிப் பொட்டின்னா சரக்குக்கு இன்னா போடுவ?”

பகலவன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணியும் போட மாட்டோம்க்கா. மாமா திட்டுவாரு.”

வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல், நிறைந்திருக்கிறது என்று சொல்வார்கள் இல்லையா, அதே சங்கதி. டில்லிபாபுவின் யார்டில் காலி, இல்லை, பூஜ்யம் இவற்றை எழுதவோ டைப் அடிக்கவோ கூடாது. எழுதினால் யார்டே அப்படி ஆகிவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. ஒரு கிளார்க் தெரியாமல் எழுதி வேலையை இழந்திருந்தான். அதனால் சரக்கு இல்லாத பெட்டிக்கு நம்பரை மட்டும் போட்டு உள்ளே வெறுமனே விட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். பகலவனின் புரோகிராம் அந்த நம்பருக்குள் இறங்கிப் பார்க்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கிற சுற்று ஒரு தடவைகூட ஓடாது. எழுத மதிப்பு இல்லை, அதனால் வரி இல்லை. வரி இல்லாததைத் திரும்பக் கட்டும்போது எங்கிருந்து கட்டுவது? சரக்கு ஏற்றிய பெட்டிகள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. பதினொரு காலிப் பெட்டிகளும் போன சுவடு தெரியாமல் போய்விட்டன.

“பழைய காப்பி எங்க கீது?”

“அது மேலயே எழுதிட்டேன்க்கா.” அவனுக்கும் இப்போது புரிந்துவிட்டது. “ஐயோ க்கா. ஒரு வரி. காலியா இருந்தா அப்பிடியே எழுதுன்னு ஒரு வரி போட்டிருந்தா…”

கிறிஸ்டினா ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தாள். பெட்டிகள் இடைவெளி இல்லாமல் மதில் போல நின்றன. உள்ளே இருப்பதன் நம்பரைப் படிக்க வேண்டுமென்றால் பல்லிதான் போக வேண்டும். கம்ப்யூட்டர் தொலைத்த பெட்டியை எந்த அடுக்கில், எந்தத் தட்டில் என்று சொல்லாமல் தேடச் சொன்னால் டில்லிபாபு சிரிப்பார். சுற்று ஓடவில்லை, மதிப்பு இல்லை என்று விளக்கினால் தம்பியின் கையோடு சேர்த்து அவள் கையையும் வைப்பார்.

வெளியே டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. “அவன இட்டுகினு வாங்கடா” என்றார் டில்லிபாபு. நெல்சன் அலறத் தொடங்கினான். இன்னும் கதவு சாத்தவில்லை. இடது கையை விரித்து இடுக்கில் வைக்கும்போதே அலறினான். ஒரு தடவை பட்டவனுக்கு அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவள் திரையை மேலும் கீழும் தள்ளினாள். பி பிளாக், நாலாவது அடுக்கு. தட்டு ஒன்று, மூங்கில் நார்ப் பொருள். தட்டு இரண்டு, பழைய டயர். தட்டு நான்கு, கிரானைட். தட்டு ஐந்து, பருத்தி. மறுபடி படித்தாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

ஓடினாள்.

நெல்சனின் இடது கை கதவு நிலையின் மேல் இருந்தது. ஒருவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், ஒருவன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். கதவு நகர்ந்துவிட்டது. கத்தி நிறுத்த நேரம் இல்லை. தோளில் இருந்த பையைக் கழற்றி அந்த இடுக்கில் திணித்தாள். கதவு லேப்டாப்பின் மேல் மோதியது. உள்ளே கண்ணாடி நொறுங்கியது, பை பாதியாக மடங்கியது. நெல்சனின் விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளி, முழுசாக இருந்தன.

“நாலாவது பொட்டி எது மேல நிக்குது?” என்று டில்லிபாபுவின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். “சொல்லு. பி பிளாக்கு, நாலாவது அடுக்கு. உன் கம்ப்யூட்டர்ல மூணாவது தட்டுல பொட்டியே கிடையாது. நாலாவதுல கிரானைட்டு கீது. அந்தரத்துலயா தொங்கிகினு கீது?”

டில்லிபாபுவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இளவட்டத்திலிருந்து பெட்டி அடுக்கியவர். கிரானைட் ஏற்றிய பெட்டி காற்றில் நிற்காது என்பதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, பி பிளாக்கின் ஓரத்துக்கு நடந்து போய், தலையைத் தூக்கி நாலாவது அடுக்கை விரலால் எண்ணினார். ஐந்து பெட்டி.

“மஜீது” என்றார். “மேல ரெண்டையும் எறக்கு.”

மஜீது அழுதுகொண்டே வண்டியைக் கிளப்பினான். பருத்தி இறங்கியது. கிரானைட்டைத் தூக்கும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. மூன்றாவதைத் தூக்கி வெளியே எடுத்துத் திருப்பி வைத்தான். காலையிலிருந்து அங்கேயே காத்திருந்த கப்பல் கம்பெனி ஆள் தன் போனைப் பார்த்து நம்பரைச் சத்தமாகப் படித்தான். பெட்டியில் இருந்த நம்பரும் அதுதான். கதவைத் திறந்தார்கள். உள்ளே வெறும் தரையும் கொஞ்சம் மரத்தூளும்.

இப்படி இன்னும் இரண்டு அடுக்கில் கம்ப்யூட்டரில் விடுபட்ட தட்டைப் பார்த்து இறக்கினார்கள். இரண்டிலும் பெட்டி இருந்தது. அதற்கு மேல் இறக்க டில்லிபாபு விடவில்லை. நெல்சனிடம் வந்து குனிந்து, சுற்றியிருந்த சட்டையைப் பிரித்து அந்தக் கையைப் பார்த்தார். நிமிர்ந்தார். அவருக்கு வெட்கம் வந்திருந்தது. வெட்கம் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. கோபம் வந்தால் என்ன செய்வது என்று நன்றாகத் தெரியும்.

ஆபீஸ் வாசலில் இருந்து பகலவனை முடியைப் பிடித்து இழுத்து வந்தார். வழியிலேயே இரண்டு தடவை பெட்டியின் பக்கத்தில் தலையை மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

“மாமா, தெரியாமப் பூட்ச்சு மாமா! மாமா!”

“உன்னால ஒரு ஆம்பளையோட கை பூட்ச்சுடா சோமாரி. நான் பாவத்த சொமந்துகினு திரியவா?” அதே கதவிடம் கொண்டுபோய், அவன் வலது கையைத் தானே பிடித்து நிலையில் வைத்தார். லேப்டாப் பையை யாரோ உருவித் தூர எறிந்தார்கள்.

“க்கா!” என்று பகலவன் கிறிஸ்டினாவைப் பார்த்துக் கத்தினான். “நீ சொல்லுக்கா. யாருக்கும் வர்ற தப்புதான்னு சொல்லுக்கா. உனக்குத் தெரியுமில்ல.”

டில்லிபாபு அவள் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. அக்கா மகன், யாராவது தடுத்தால் நல்லது என்று அவருக்கும் இருந்திருக்கும். “நீ இந்த வேலயே செய்றவ. சொல்லும்மா. தெரியாம வர்ற தப்பா? நீ ஆமான்னா இவன வுட்டுடறேன்.”

அவளுக்குத் தெரியும். உலகத்தில் எந்த மூலையில் எவன் இந்த வேலையை முதல் தடவை செய்தாலும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவான். காலி என்று எழுதாதே என்ற டில்லிபாபுவின் சட்டம் இல்லையென்றால் ஒரு பெட்டிகூடத் தொலைந்திருக்காது. இரண்டையும் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் தம்பி பக்கத்தில் கிடந்தான். அந்தத் தட்டையான கையிலிருந்து ஒரு விரல் நகம் சட்டைத் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சிஸ்டம் பொய் சொல்லாது என்று சொன்ன வாய் இப்போது அவளைக் கூப்பிடுகிறது. யாராவது கத்த வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நெல்சன் கத்தியது போலவே இன்னொருவன் கத்த வேண்டும். அந்த ஆசை வயிற்றிலிருந்து பசி போல எழும்பியது.

“எனக்குத் தெரியாது” என்றாள்.

கதவைச் சாத்தினார்கள்.

மஜீது ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்து இரண்டு பேரையும் உள்ளே ஏற்றிவிட்டான். நடுவில் நெல்சன், அந்தப் பக்கம் பகலவன், இந்தப் பக்கம் கிறிஸ்டினா. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முனகினார்கள். நெல்சன் தன் இடது கையால் பகலவனின் தோளைப் பிடித்துக்கொண்டான், அவன் சரிந்து வெளியே விழுந்துவிடாமல்.

“ஒரு வரிதான்க்கா” என்றான் பகலவன். யாரையும் பார்க்காமல், ஜுரத்தில் பேசுவது போலப் பேசினான். “காலியா இருந்தா அப்பிடியே எழுதுன்னு. மொத தபா எல்லாருக்கும் வரும்ல.”

“வரும்” என்றாள் கிறிஸ்டினா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நெல்சன் திரும்பி அவளைப் பார்த்தான். வலியில் அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. தேரடி தாண்டியதும், “அண்ணே, ஓரங்கட்டு” என்றான் டிரைவரிடம்.

ஆட்டோ நின்றது.

“நீ எறங்குக்கா.”

“இன்னாடா பேசற? கை அப்பிடிக் கீது, நான் இல்லாம…”

“எறங்கு.”

“உனக்காகத்தாண்டா ஓடியாந்தேன். உன் கை இது. உன் கையப் பாத்துத்தாண்டா…”

“என் கையக் கதவுல வெக்கறதுக்கு மின்னாடி, டில்லிபாபு அங்க இருந்த அத்தினி பேரையும் கேட்டாரு” என்றான் நெல்சன். குரல் உயரவே இல்லை. “இவன் எடுத்திருப்பானான்னு ஒருத்தன் ஒருத்தனாக் கேட்டாரு. என்கூட ஒண்ணாக் குந்தித் துண்ணவனுங்க. நான் எடுக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும். அத்தினி பேரும் கதவாண்ட நீ சொன்னதத்தான் சொன்னானுங்க.”

கிறிஸ்டினா இறங்கினாள். ஆட்டோ கிளம்பும்போது நெல்சன் அவள் இருந்த இடத்துக்கு நகர்ந்து, பகலவனுக்குச் சாய இடம் விட்டான். அவர்கள் லாரிகளுக்குள் மறைகிற வரை அவள் சாலையோரத்திலேயே நின்றாள். அழுகை வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.